கானில் நட்ட போஞ்சி

பிரதேச சபையின் வரவு செலவுத் திட்டக் கூட்டத்தில் உறுப்பினர்களில் பாதிப்பேர் தவிசாளர் பக்கம் இருந்தார்கள், மீதிப்பேர் எதிர்ப்பக்கம் இருந்தார்கள். இரண்டு பக்கமும் சரிசமமாகிப் போனதால் அன்று எல்லோருக்கும் தனலெட்சுமியின் கை தேவைப்பட்டது.

அதுவரைக்கும் அவள் அங்கே வாயைத் திறந்ததில்லை. தொழிற்சங்கம் பெண்கள் பட்டியலில் அவள் பெயரைப் போட்டது, அவளுக்குச் சபையில் ஒரு கதிரை கிடைத்தது. சங்கத்துச் செயலாளர் பதுளையிலிருந்து போனில் சொல்வார், அவள் கையைத் தூக்குவாள். கொழுந்து பறிக்கக் கங்காணி காட்டிய மலைக்குப் போகிறவள், சபையில் செயலாளர் காட்டிய பக்கம் கையைத் தூக்கினாள். இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இருப்பதாக அவளுக்குத் தோன்றவில்லை.

இந்த டிசம்பரில் தோன்றியது. அவள் குடியிருக்கிற ஒற்றை அறைக் காம்பராவின் பின்சுவர் வெடித்திருந்தது.

சபையின் வடக்கு வட்டாரத்தில் கல்லுமலைத் தோட்டம் இருக்கிறது. அதன் வடக்கு டிவிசனில் காம்பராக்களை வரிசையாகக் கட்டிய லயம் ஒரு செங்குத்தான சரிவின் அடியில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஐப்பசி மழையில் சுவரில் விழுந்த கோடு கார்த்திகையில் கை நுழைகிற அளவுக்கு அகன்றது. மண்சரிவு பார்க்கிற அதிகாரிகள் வந்து லயத்தைக் காலி பண்ணச் சொன்னார்கள். எல்லோரும் பாயைச் சுருட்டிக்கொண்டு பள்ளிக்கூட மண்டபத்துக்குப் போனார்கள். வெயில் எறித்ததும் பாயைச் சுருட்டிக்கொண்டு திரும்பி வந்தார்கள். புது வீடு கட்டக் காணி தருவதாகச் சொன்னவர்கள் இன்னும் காணி தேடிக்கொண்டிருந்தார்கள். மலை இறங்கினால் என்ன ஆகும் என்று அந்த லயத்தில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. மீரியபெத்தையில் மண் மூடிச் செத்தவர்களில் பலர் அவர்களுக்குச் சொந்தக்காரர்கள்.

அதிகாரிகள் போகும்போது இன்னொன்றும் சொன்னார்கள். சரிவின் குறுக்கே, மழைநீரை வாங்கி ஓடைக்குக் கொண்டுபோக வெள்ளைக்காரன் காலத்தில் வெட்டிய நீளமான கான் ஒன்று உண்டு. அது தூர்ந்து கிடக்கிறது. தண்ணீர் ஓட வழியில்லாமல் மலைக்குள் இறங்குகிறது. காணி கிடைக்கும் வரைக்கும் அந்தக் கானையாவது வெட்டித் திறக்க வேண்டும்.

தோட்டத்துக் கம்பனியிடம் கேட்டால் காசில்லை என்றது. சபையில் காசு இருந்தது. ஆனால் தவிசாளர் வடக்கு வட்டாரத்துக்கான முழுத்தொகையையும் அதே மலையின் உச்சியில் ஒரு வியூ பாயிண்ட் கட்ட ஒதுக்கியிருந்தார். படிக்கட்டு, கம்பித்தடுப்பு, கக்கூஸ், வாகனம் நிறுத்த இடம். எல்ல நகரத்தைச் சுற்றிப் பார்க்க வருகிற வெள்ளைக்காரர்களில் கொஞ்சப்பேர் இந்தப் பக்கமும் வந்தால் சபைக்கு வருமானம் என்பது அவர் கணக்கு. வாகனம் நிறுத்துவதற்காக வெட்டப்போகிற காடு, லயத்துக்கு நேர் மேலே இருந்தது.

கூட்டம் சிங்களத்தில் நடந்தது. மொழிபெயர்ப்பாளர் பதவி காலியாகக் கிடந்தது. தனலெட்சுமிக்குச் சிங்களம் நன்றாக விளங்கும். ஆனால் சபையில் எழுந்து பேசுகிற அளவுக்கு வராது. அவள் எழுந்ததும் பக்கத்துக் கதிரையில் இருந்த பஸீல் தானாகவே மொழிபெயர்ப்பாளர் ஆகிவிட்டார். பஸீலுக்கு டவுனில் ஹார்ட்வெயார் கடை. எதிர்க்கட்சி.

"தங்கச்சி, நீங்க விஷயத்த செல்லுங்க. மிச்சத்த நான் பாத்துக்கொள்றேன்."

"மேல இருக்கிற கான் தூந்து போச்சுங்க. கம்பனி வெட்டுறதில்ல. தண்ணி லயத்துக்குள்ள எறங்குது. வியூ பாயிண்ட்டு காசுல கான வெட்டிக் குடுங்க. மலை உச்சியில காட்ட வெட்ட வேணாம்."

அவ்வளவுதான் அவள் சொன்னது. பஸீல் பேசி முடிப்பதற்குள் தேத்தண்ணி கொண்டுவருகிற பெண் இரண்டு தடவை எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள். அழுகிற தாய்மார் வந்தார்கள். சூடாகிற பூமி வந்தது. உருகுகிற பனிமலை வந்தது. பனிமலை எங்கே இருக்கிறது என்று தனலெட்சுமிக்குத் தெரியாது.

"நான் அப்படியெல்லாம் சொல்லலியே" என்றாள் மெதுவாக.

"உங்கட நாலு வார்த்தைக்கு ஆரு தங்கச்சி காசு தருவாங்க? சும்மா இரிங்க."

ஆளுங்கட்சியிலிருந்து ஒருவர் குரல் கொடுத்தார். "பஸீல் மஹத்தயா, அந்தக் கானுக்குச் சீமெந்து எந்தக் கடையில் வாங்குவதாக உத்தேசம்?"

சபை சிரித்தது. பஸீலும் சிரித்தார். "எங்கே மலிவோ அங்கே. என் கடையில் மலிவாக இருப்பது என் குற்றமா? உங்கள் கம்பித்தடுப்புக்குக் கம்பியும் என்னிடம்தான் வாங்குவீர்கள். எனக்கு இரண்டும் ஒன்றுதான். மலைக்குத்தான் ஒன்றில்லை."

இன்னொருவர் எழுந்தார். தோட்டம் கம்பனியுடைய இடம், கானும் கம்பனியுடைய கான், அதில் சபைக்கு என்ன வேலை என்று கேட்டார். தோட்டத்துக்குள் சபை காசு செலவழிக்கலாம் என்று சட்டத்தைத் திருத்திச் சில வருடங்கள் ஆகியிருந்தன. சட்டம் மாறிவிட்டது, வாய் மாறவில்லை. காட்டைப் பற்றி யாரும் பேசவில்லை. காட்டுக்கு வோட்டு இல்லை.

தேத்தண்ணி இடைவேளையில் தவிசாளர் அவளிடம் வந்தார். ஓய்வுபெற்ற வாத்தியார், மரியாதையான மனிதர். அவளுக்கு விளங்க வேண்டும் என்று சிங்களத்தை நிறுத்தி நிறுத்திப் பேசினார். அடுத்த வருடம் கானை நிச்சயம் செய்யலாம், இந்த வருடம் திட்டத்தைத் தோற்கடித்துவிட வேண்டாம் என்றார். அவர் நகர்ந்த கையோடு போன் அடித்தது.

"என்னாம்மா, புதுசா பேச்செல்லாம் பேசுறியாமே?" என்றார் சங்கத்துச் செயலாளர்.

"சொவரு வெடிச்சிருக்குங்க ஐயா."

"எந்த லயத்துல வெடிக்கல? அவங்க திட்டத்துக்குக் கையத் தூக்கிட்டு பஸ் ஏறு. மிச்சத்த நாங்க மேலெடத்துல பேசிக்கிறோம்."

"மேலெடம் எல்லாம் மேலதாங்க இருக்கு. நாங்க கீழல்ல இருக்கோம்."

சொன்ன பிறகுதான் அவளுக்குப் பயம் வந்தது. செயலாளர் போனை வைத்துவிட்டிருந்தார்.

இடைவேளைக்குப் பிறகு விஜேசிறி எழுந்தார். தவிசாளரின் கட்சி. கல்லுமலையில் வெளிக்கள உத்தியோகத்தராக நரைக்கும் வரைக்கும் வேலை செய்தவர். லயத்துத் தமிழ் அவருக்குத் தண்ணீர்பட்ட பாடு. கையில் போனை வைத்திருந்தார். சபையைப் பார்க்காமல் நேரே அவளைப் பார்த்துத் தமிழில் கேட்டார்.

"தனலெட்சுமி, நேத்து நான் மேல போய்ப் பாத்தேன். அந்தக் கானுக்குள்ள என்னா இருக்கு?"

"மண்ணுங்க ஐயா."

"மண்ணுக்கு மேல?"

அவள் பஸீலைத் திரும்பிப் பார்த்தாள்.

"வெக்கப்படாம சொல்லு. நானும் சாப்பிட்டிருக்கேன்."

"போஞ்சிங்க."

"லீக்ஸ் இல்லியா? முட்டைக்கோவா இல்லியா? மொதல்ல மண்ணக் கொத்தி நட்டது யாரு? உன் புருஷன் முருகையாதானே?"

பிறகு சிங்களத்துக்கு மாறி, போனில் இருந்த படத்தைத் தவிசாளர் மேசைக்குக் கொண்டுபோனார். படம் கதிரை கதிரையாகக் கைமாறியது. கம்பு நட்டுக் கொடி ஏற்றிய போஞ்சி வரிசை, பச்சைப்பசேலென்று, கான் வளைகிற இடமெல்லாம் வளைந்து போனது.

அவர் சொன்னதில் பொய் இல்லை. முன்பெல்லாம் கம்பனி வருடா வருடம் ஆள் போட்டுக் கானை வெட்டித் துப்பரவு செய்யும். செலவைக் குறைக்கிறோம் என்று அதை நிறுத்தினார்கள். மலையிலிருந்து கழுவி வந்த மண் கானில் தங்கி, கான் நிரம்பி, சரிவின் நடுவே ஒரு தட்டையான கறுப்பு மண் பட்டி உண்டானது. தோட்டத்தின் நல்ல மண் முழுவதும் அங்கேதான் இருந்தது. கல்லும் வேரும் நிறைந்த சரிவில் ஒரு பிடி கீரை போடக்கூட இடமில்லாதவர்கள் அப்படிப்பட்ட மண்ணைச் சும்மா விடுவார்களா? முருகையா ஒரு துண்டு கொத்தினான். அடுத்த காம்பராக்காரன் அடுத்த துண்டைக் கொத்தினான். ஆளுக்கொரு பாத்தி ஆனது. வெயில் காலத்தில் செடி வாடாமல் இருக்க, பாத்திக்குப் பாத்தி கல்லும் மண்ணும் வைத்து வரப்புக் கட்டித் தண்ணீரைத் தேக்கினார்கள். மழைக்காலத்தில் அந்த வரப்பை யாரும் உடைக்கவில்லை. உடைத்தால் மண் போய்விடும்.

கான் தூர்ந்ததற்குக் கம்பனி காரணம், போஞ்சி அதற்குப் பிறகு வந்தது, இரண்டுக்கும் சம்பந்தமில்லை என்று லயத்தில் எல்லோரும் நம்பினார்கள். தனலெட்சுமியும் அப்படித்தான் நம்பினாள். சபைக்கு நடுவில் நின்றபோதுதான், தேங்கின தண்ணீர் வேறு எங்கே போயிருக்கும் என்று யோசித்தாள். அதுவரைக்கும் யோசிக்காமல் இருந்தது தெரியாததால் அல்ல. போஞ்சி நன்றாகக் காய்த்தது.

பஸீல் அவள் பக்கம் சாய்ந்தார். "இல்லையெண்டு செல்லிடுங்க தங்கச்சி. பழைய படம் எண்டு நான் செல்றேன்."

"வேணாம் பஸீல் நானா. நான் சொல்றத மட்டும் சொல்லுங்க. ஒண்ணும் சேக்காதீங்க."

அவள் சொன்னாள்: "ஐயா சொன்னது உண்மை. நாங்கதான் நட்டோம். வரப்புக் கட்டுனதும் நாங்கதான். கம்பனி செஞ்சது பாதி, நாங்க செஞ்சது பாதி. நாங்க நட்டத நாங்க புடுங்கிடுறோம். கான நீங்க வெட்டுங்க."

பஸீல் முதல் தடவையாகச் சொன்னதை மட்டும் சொன்னார். உறுப்பினர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். மனம் இளகியதால் அல்ல. தன் பக்கத்துப் பிழையை ஒத்துக்கொண்ட உறுப்பினரை என்ன செய்வது என்று யாருக்கும் பழக்கமில்லை.

தவிசாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். திட்டம் தோற்றால் அவருடைய கதிரையும் ஆடும். சுற்றிவளைக்காமல் ஒரு வழி சொன்னார். காசைக் கானுக்கு மாற்றுகிற திருத்தத்தை ஏற்கலாம். ஆனால் மாத முடிவுக்குள் லயத்துக்காரர்களே செடியைப் பிடுங்கி வரப்பை உடைத்துக் கானைக் காலி பண்ண வேண்டும். தொழில்நுட்ப உத்தியோகத்தர் வந்து பார்ப்பார். ஒரு பாத்தி மிஞ்சினாலும் அந்தக் காசு வியூ பாயிண்டுக்கே திரும்பும். சம்மதமா?

"சம்மதம்" என்றாள் அவள், சிங்களத்திலேயே.

எல்லாக் கையும் உயர்ந்தது. வெளியே வரும்போது விஜேசிறி அவளைப் பார்த்துச் சிரித்தார். கெட்ட சிரிப்பு இல்லை. "சபைய சமாளிச்சிட்ட. இனி லயத்த சமாளி பாப்போம். எனக்கு அந்த ஆளுங்களத் தெரியும்."

அவருக்குத் தெரிந்துதான் இருந்தது.

பீலியில் தண்ணீர் பிடிக்கிற இடத்தில் அவள் விஷயத்தைச் சொன்னதும் பெண்கள் குடத்தை இறக்கி வைத்துவிட்டுச் சண்டைக்கு வந்தார்கள். பொங்கலுக்கு முன் போஞ்சி பறிப்புக்கு வந்துவிடும். அதைக் காய்கறி வண்டிக்காரனுக்கு விற்றால்தான் பொங்கலுக்குத் துணி. அவனிடம் முன்கூட்டியே சொல்லியும் வைத்தாகிவிட்டது.

"ஏன்டி தனம், எங்க பாத்திய குடுக்க உனக்கு யாருடி சம்மதம் குடுத்தா?" என்றாள் அடுத்த காம்பரா இராக்கம்மா. தனலெட்சுமிக்கு நிரை பிடித்துக் கொழுந்து பறிக்கக் கற்றுக்கொடுத்தவள். அவள் வாய்க்கு முன்னால் யாரும் நிற்க மாட்டார்கள்.

"சொவரு வெடிச்சிருக்குக்கா."

"என் சொவருந்தான் வெடிச்சிருக்கு. அதுக்குப் போஞ்சி என்னாடி பண்ணுச்சி? பொங்கல் முடியட்டும்."

"பொங்கல் முடிஞ்சா காசு இல்ல. மாசக் கடைசிக்குள்ள."

"அப்ப மொதல்ல உன் புருஷன் புடுங்கட்டும். நாங்க பாத்துட்டுப் புடுங்குறோம்."

பண்டாரவளையில் வீடுகளுக்குப் பெயின்ட் அடிக்கிற முருகையா சாயங்காலம் வந்து கேட்டுவிட்டு, சட்டையைக் கழற்றிக்கொண்டே சொன்னான்: "அவங்க புடுங்கட்டும். அப்பறம் நாம புடுங்குவோம். நாம மட்டும் புடுங்கிட்டு இளிச்சவாயனா நிக்கிறதா?"

"மொதல்ல நட்டது நீங்கதானே?"

"நடுறதுக்கு முந்துனா கெட்டிக்காரன். புடுங்குறதுக்கு முந்துனா கிறுக்கன்."

அப்படியே நாட்கள் போயின. ஒவ்வொரு வீட்டுக்காரனும் அடுத்த வீட்டுப் பாத்தியைப் பார்த்துக்கொண்டு இருந்தான். போஞ்சி பூத்தது. மத்தியானத்துக்குப் பிறகு மழை பிடித்தது. சுவர் இன்னும் கொஞ்சம் விலகியது. முருகையா அதில் சீமெந்துப் பேப்பரை மடித்துச் செருகினான். தொழில்நுட்ப உத்தியோகத்தர் மறுநாள் வருவதாகச் சபையிலிருந்து போன் வந்தது.

மறுநாள் காலை பெரட்டில் ஆள் கணக்கு முடிந்து பெண்கள் மலைக்கும் ஆண்கள் டவுனுக்கும் போன பிறகு, தனலெட்சுமி மம்பட்டியை எடுத்துக்கொண்டு மேலே ஏறினாள். சபைக் கூட்டம் உள்ள மாதம் என்று அவள் வேலைக்குப் பெயர் கொடுத்திருக்கவில்லை. முதலில் தன் பாத்தி. கம்பைப் பிடுங்கினாள், கொடியைச் சுருட்டினாள், வரப்பை வெட்டினாள். விரல் நீளம்கூட வராத பிஞ்சுகள் கொடியோடு வந்தன. முடிந்ததும் நிமிர்ந்து பார்த்தாள். அவள் பாத்தி மட்டும் பல் விழுந்த வாய் மாதிரி இருந்தது. இரண்டு பக்கமும் பச்சை.

அவள் அடுத்தவர் பாத்தியில் கால் வைத்தாள்.

அது களவைவிட மோசமான காரியம் என்று அவளுக்குத் தெரியும். அடுத்தவன் செடியில் திருடித் தின்பதை லயம் மன்னிக்கும். செடியையே பிடுங்குகிறவளை எந்த லயமும் மன்னித்ததில்லை. ஒவ்வொரு வீட்டுச் செடியையும் தனித்தனிக் குவியலாக வைத்தாள். லீக்ஸை மண் உதறி அடுக்கினாள். விற்கக்கூடியது விற்கட்டும் என்று.

மத்தியானக் கொழுந்து நிறுத்துவிட்டுச் சோற்றுக்கு இறங்கி வந்த பெண்கள் பாதையிலேயே நின்றுவிட்டார்கள். இராக்கம்மாதான் கூடையை எறிந்துவிட்டு மேலே ஓடிவந்தாள். தனலெட்சுமி அப்போது இராக்கம்மாவின் பாத்தி ஓரத்தில் குனிந்திருந்தாள்.

"அடிப் பாவி! நாசமாப் போறவளே! பதவி வந்ததும் கண்ணு மூடிப் போச்சாடி உனக்கு?"

"இன்னைக்கு ஆள் வருதுக்கா. ஒரு பாத்தி இருந்தாலும் காசு போயிரும்."

"போகட்டும்! மலை வரும்போது வரட்டும்! மீரியபெத்தையில என் தங்கச்சி குடும்பமே போச்சு, எனக்கு நீ மலையக் காட்டுறியா?"

"அதுக்குத்தான்கா."

இராக்கம்மா அவள் கன்னத்தில் அறைந்தாள். மண் படிந்த கை. தனலெட்சுமி திருப்பி அடிக்கவும் இல்லை, அழவும் இல்லை. மறுபடி குனிந்து கம்பில் கை வைத்தாள்.

"எடுடி கைய!" என்று கத்தினாள் இராக்கம்மா. "என் செடியில நீ கை வெக்காத. நான் நட்டேன், நானே புடுங்கிக்கிறேன்."

சேலையைச் செருகிக்கொண்டு பாத்திக்குள் இறங்கினாள். திட்டிக்கொண்டே பிடுங்கினாள். தனலெட்சுமியின் பிறப்பு, வளர்ப்பு, பிள்ளை இல்லாத வயிறு எல்லாம் அந்தத் திட்டில் வந்தது. கீழே நின்ற பெண்களும் ஒவ்வொருவராக ஏறி வந்தார்கள். யாரும் அவளுக்கு உதவ வரவில்லை. தங்கள் செடி அவள் கையில் போகக்கூடாது என்றுதான் வந்தார்கள். கோபத்தில் வேலை வேகமாக நடந்தது. வரப்புகளை மிதித்தே உடைத்தார்கள். சோறு தின்னவும் மறந்து, இரண்டாம் நேரக் கொழுந்துக்கும் பிந்தி, தோட்டத்துத் துரை ஆள் அனுப்பித் திட்டுகிற வரைக்கும் பிடுங்கினார்கள்.

தொழில்நுட்ப உத்தியோகத்தர் வந்தபோது மழை பிடித்துவிட்டது. இளம் ஆள். குடையோடு கான் நீளத்துக்கும் நடந்து படம் எடுத்தார். சப்பாத்து கறுப்பு மண்ணில் புதைந்தது.

"யார் பிடுங்கியது?" என்று சிங்களத்தில் கேட்டார்.

"லயத்து ஆளுங்க" என்றாள் தனலெட்சுமி. அதில் பொய் இல்லை.

"தை மாதம் வேலை தொடங்கும். இன்னும் ஆழமாக வெட்ட வேண்டும். அதுவரை இதிலேயே கொஞ்சம் ஓடும்." அவர் கீழே இறங்கிப் போனார். தோட்டத்து லொறியில் ஏறிக்கொண்டார்.

மழை வலுத்தது. மேல் சரிவிலிருந்து வந்த தண்ணீர் கானில் விழுந்து, சுழன்று, உடைந்த வரப்புகளைக் கண்டுபிடித்து, ஓடைப் பக்கம் திரும்பியது. முதலில் மெதுவாக. பிறகு மண்ணைத் தூக்கிக்கொண்டு. பாத்திகளின் ஓரம் கட்டிகட்டியாகச் சரிந்து தண்ணீரில் விழுந்து கரைந்தது. கொழுந்துக்குப் போகாமல் நின்றுவிட்ட இராக்கம்மா சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு கானோரத்தில் நின்றாள். தனலெட்சுமி சற்றுத் தள்ளி நின்றாள். லயத்தின் பின்பக்கம் எப்போதும் ஊற்று மாதிரிப் பொங்குகிற இடத்தை அவள் பார்த்தாள். பொங்கவில்லை. வெறும் ஈரமாக இருந்தது.

"பாத்தியாடி" என்றாள் இராக்கம்மா, முகத்தைத் திருப்பாமல். "எப்பேர்ப்பட்ட மண்ணு. இப்படி ஒரு மண்ணு இந்தத் தோட்டத்துல எங்கயும் கெடையாது."

"ஆமாக்கா."

"நீ எங்கூடப் பேசாத."

தனலெட்சுமி போகவில்லை. இராக்கம்மாவும் போகவில்லை. தன் பாத்தி இருந்த இடம் தண்ணீரோடு இறங்கி முடியும் வரைக்கும் அங்கேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.